வைஃபை வந்ததால் கரண்ட் பில் ஏறவில்லை

ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "கிராமத்துக்கு நெட் போனதிலிருந்துதான் வீட்டுக்கு வீடு கரண்ட் பில் ஏறுது, ராத்திரி பகலா செல்லு நோண்டுறாங்க" என்று அவர் சொன்னதைவிட, கீழே உட்கார்ந்து கை தட்டினார்களே, அதுதான் எனக்கு வலித்தது.

கணக்கு போடலாம். ஒரு ரவுட்டர் 10 வாட் இழுக்கும். அணைக்காமலே விட்டாலும் இரண்டு மாதத்துக்கு 14, 15 யூனிட். ஒரு போனை தினமும் முழுசாக சார்ஜ் போட்டால் ஒன்றரை யூனிட். வீட்டில் மூன்று போன் இருந்தாலும் எல்லாம் சேர்த்து 20 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 2016-லிருந்து வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதுவா பில்லை ஏற்றுகிறது?

"அப்போ பில் ஏறவே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஏறியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஏறியது. காரணம் ஃப்ரிட்ஜ். அப்பாவின் இன்சுலினை வருடக்கணக்கில் மண்பானைத் தண்ணீரில்தான் வைத்திருந்தோம். சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள், மருந்து கெட்டுப்போனதா இல்லையா என்று தெரியாமலே ஊசி போட்டுக்கொண்டார். அண்ணன் போனில் விலை பார்த்து, தவணையில் வாங்கிப் போட்டார். அதற்கு 30, 40 யூனிட் ஆகிறது. ஆகட்டும். நெட் இருந்ததால்தான் வாங்கினீர்கள் என்றால், ஆமாம். அதில் என்ன தப்பு? டவுனில் எத்தனையோ வருடம் முன்னாடியே வாங்கினார்களே, அவர்களிடம் யாராவது கணக்கு கேட்டார்களா?

குறைந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே அண்ணன் யூடியூப் பார்த்துத்தான் பிஎல்டிசி ஃபேன் மாட்டினார். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட் பக்கம். பட்டா, சிட்டா நகலுக்கு பைக்கில் தாலுகா ஆபீஸ் போவது நின்றது, அந்தப் பெட்ரோல் மிச்சம். சிலிண்டர் தீர்ந்தால் அம்மா விறகடுப்புக்குத்தான் போவார். இப்போது போனிலேயே பதிவு செய்து பணமும் கட்டிவிடுவதால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. விறகும் பெட்ரோலும் மீட்டரில் ஓடாது என்பதால் கணக்கிலேயே வராதா?

"பையன்கள் விடிய விடிய ரீல்ஸ் பார்க்கிறார்களே?" பார்க்கிறார்கள். டவுன் பையன்களும்தான் பார்க்கிறார்கள். டிவியைவிட போன் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

2020-இல் பள்ளிக்கூடம் மூடியபோது எங்கள் தெருப் பிள்ளைகள் சிக்னலுக்காக மேல்நிலைத் தொட்டிப் பக்கம் போய் நின்று பாடம் கேட்டார்கள். அப்போது "ஐயோ பாவம், நெட் இல்லாத கிராமம்" என்று பதிவு போட்டவர்கள் சிலரே இன்று அந்த வீடியோவைப் பகிர்ந்திருக்கிறார்கள். நெட் இல்லாவிட்டால் பாவம், இருந்தால் ஊதாரி. நாங்கள் எப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதம்?

ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கிவிடும், ஃபேன் இறக்கையை எண்ணலாம். தெருவில் வீடு கூடிவிட்டது, டிரான்ஸ்பார்மர் பழசு. பெரிசாக மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. ஃப்ரிட்ஜ் போய்விடக் கூடாதே என்று ஸ்டெபிலைசருக்குத் தனியாகக் கடன் வாங்கியிருக்கிறோம். எங்கள் கரண்ட் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை என்றால், அடுத்த மேடையில் இந்த டிரான்ஸ்பார்மரைப் பற்றிப் பேசட்டும்.