நோம்பி அன்றும் எட்டு மணிக்கு இட்லி

தை நோம்பிக்கு, அதாவது தைப் பொங்கலுக்கு, இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. என் வயதுக்காரர்களும், நோம்பிக்கு ஊருக்கு வரப் போகிற பிள்ளைகளும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 67 வயது, எங்க வீட்டுக்காரருக்கு 73. பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் நாங்கள் இரண்டே பேர். எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்குச் சோறு, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் லைட்டை அணைத்துவிடுவோம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வந்து வீடு நிறைந்தால் எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆனால் மார்கழி பிறந்ததுமே நெஞ்சில் ஒரு படபடப்பும் வந்துவிடுகிறது, அதை யாரிடமும் சொல்வதில்லை. வேலை அதிகம், அதனால்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். "நீங்க ஒண்ணும் செய்யாதீங்கம்மா, சும்மா உக்காருங்க" என்கிறார்கள். வேலைக்கு நான் பயப்படவில்லை, செய்து பழகிய உடம்பு. எங்களுக்குச் சிரமம் நேரம் மாறிப் போவதில் இருக்கிறது. அது மாறினால் உடம்பு தாங்காது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதில் அதைவிட அதிகமாக இருக்கிறது.

போன தை நோம்பியில் நடந்ததைச் சொல்கிறேன். காப்புக்கட்டு அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தோம். பெங்களூரில் இருந்து மகன் குடும்பம் காரில் வந்து சேர்ந்தபோது ராத்திரி இரண்டு மணி. சாப்பாடு போட்டு, பாய் விரித்து, நான் படுக்கும்போது மூன்றரை. ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஏழரைக்கு வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எட்டு மணிக்குள் பொங்கல் வைத்துப் படையல் போட்டுவிடலாம் என்று கணக்கு. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை, பாவம், அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவன் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, குளித்து, அடுப்புப் பற்ற வைத்து, பால் பொங்கி இறக்கும்போது மணி பத்தே முக்கால். சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட என் மனம் ஒப்பவில்லை. என் மாமியார் காலத்தில் இருந்து வருகிற வழக்கம்.

சூடம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தேன், குச்சி உரசவில்லை. இரண்டாவது குச்சியும் கீழே விழுந்தது. தை மாதக் குளிரில் முதுகெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. மருமகள்தான் முதலில் பார்த்தாள். "ஏனுங்கத்தை, கை இப்படி நடுங்குது?" என்றாள். பதில் சொல்ல நாக்கு வரவில்லை. அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்து, டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். மெஷினில் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மகன் முகத்தில் ரத்தம் வந்தது. "ஏம்மா, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரை என்னிடம் சரியான பதில் இல்லை.

டாக்டரிடம் போனபோது அவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படிச் சடாரென்று இறங்குவது அபூர்வம். நான் அதோடு கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். அது உள்ளே போனால் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் சாப்பாடு தள்ளிப் போகிற நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். தயவுசெய்து இதை மட்டுமாவது நோம்பிக்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மாத்திரை ஒரு பக்கம். தூக்கம் இன்னொரு பக்கம். நோம்பி வந்தால் எங்கள் கட்டிலைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு நாங்கள் கூடத்தில் பாயில் படுப்போம், யாரும் கேட்டு அல்ல, நாங்களாகத்தான். இந்த வயதில் நடுச்சாமத்தில் இரண்டு தடவையாவது எழ வேண்டும். கூடம் முழுக்கப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள், லைட் போட்டால் குழந்தை எழுந்துகொள்ளும் என்று இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போவேன். எழாமல் இருக்கச் சாயங்காலத்தில் இருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிற பாட்டிமார்கள் எத்தனை பேர் தெரியுமா? இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் அவதிதான், அதற்கு ஒரு சின்ன ராத்திரி விளக்கு எவ்வளவோ மேல். இந்த முறை எங்கள் கட்டிலில் நாங்களே படுப்பதாகச் சொல்லிவிட்டேன். மருமகள், "இதை எப்பவோ சொல்லியிருக்கலாமேங்கத்தை" என்றாள்.

எங்க வீட்டுக்காரர் காது மெஷின் வைத்திருக்கிறார். பட்டிப் பொங்கல் அன்று சாயங்காலம் கோயமுத்தூரில் இருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டால் கூடத்தில் பன்னிரண்டு பேர், டிவி ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம், ஆளுக்கொரு பேச்சு. மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டிக் கொடுக்கும், யார் என்ன கேட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க அவர் படும் பாடு பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் களைத்துப் போய்க் கட்டுத்தரைக்குப் போய் மாடுகளோடு உட்கார்ந்துவிடுவார். அப்பா கோபித்துக்கொண்டார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். கோபமே கிடையாது. டிவியை அணைத்துவிட்டு, எதிரே முகம் பார்த்து, ஒருவர் மட்டும் பேசினால் ராத்திரி பத்து மணி வரை கதை சொல்லுவார் மனுஷன். போன வருடம் பேரன் கட்டுத்தரைக்கே தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், அவர் அவனுக்குக் காளையின் சுழி பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் வெள்ளோடு. அங்கே குளத்துக்கு வருகிற பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. யாரோ ஒருவர் முதலில் எடுத்துச் சொல்லி, பெரியவர்கள் கேட்டு, குழந்தைகளும் ஒத்துக்கொண்டதால் நடந்த காரியம் அது. பறவைகளுக்காக ஊரே ஒத்துக்கொள்கிறது. நம் வீட்டில் நமக்காக ஒத்துக்கொள்ள மாட்டார்களா? நாம் சொன்னால்தானே.

பலகாரத்துக்கு வருகிறேன். முறுக்கை இந்த வருடம் ஊரில் ஆர்டர் எடுத்துச் செய்கிற அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கச்சாயத்தை மட்டும் விட மனதில்லை. ஆனால் நின்றுகொண்டு சுட மாட்டேன். அரிசியை ஊற வைத்து, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டு ஆட்டுவது வரை என் வேலை. பிறகு ஸ்டூல் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், மருமகள் கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றுவாள். மாவு நடுவில் உப்பி ஓரம் சிவக்கிற நேரத்தில் "இப்பத் திருப்பு கண்ணு" என்று சொன்னால் போதும். போன தீபாவளிக்கு இப்படித்தான் செய்தோம். முதல் நாலு கருகியது, ஐந்தாவது என் கை கச்சாயம் மாதிரியே வந்தது.

பண விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பென்ஷனில் வாழ்கிறவர்களுக்கு மகளுக்குச் சீர், எல்லோருக்கும் துணி, பேரப்பிள்ளைகளுக்கு நோம்பிக்காசு என்று தை மாதம் வந்தாலே தூக்கம் போகும். இவ்வளவுதான் முடியும் என்று மகளிடம் நேராகச் சொன்னேன், அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் யாரும் வராத வீடுகளும் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு நோம்பி நாள்தான் மிகக் கொடுமை. 14567 என்று முதியோருக்கான உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது, பேசலாம். அதோடு பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு கிண்ணம் பொங்கலைக் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு போங்கள், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இப்போது ரயிலுக்கு 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு ஆரம்பிக்கிறது. இந்த முறை காரில் ராத்திரி ஓட்டி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், மகனும் கேட்டுக்கொண்டான். டிக்கெட் போட்ட அன்றே போனில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். படையல் காலை எட்டு மணிக்கு, எழுந்தவர்கள் கும்பிடலாம், எழாதவர்கள் எழுந்த பிறகு கும்பிடலாம். அன்றைக்கு எப்படியும் மணி தள்ளிப் போனால் நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுவேன், சாமி என்னைக் கோபித்துக்கொள்ளாது என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பின்னால் இருந்து பேத்தி, "அப்பத்தா, எனக்கும் எட்டு மணிக்கு இட்லி வேணும்" என்று கத்தினாள்.

பூப்பறிக்கும் நோம்பி முடிந்த மறுநாள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினால் வீடு அப்படியே கிடக்கும், இரண்டு மூன்று நாளைக்கு எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது. அதற்கும் இந்த முறை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அவர்களை வழியனுப்பிய அடுத்த நாள் நாங்கள் சென்னிமலை முருகன் கோயிலுக்குப் போகிறோம். 1320 படியையும் ஒரு காலத்தில் ஏறியவர்கள்தான் நாங்கள், இப்போது பஸ்ஸில் போய் இறங்கி, ஆண்டவரைப் பார்த்துவிட்டு, அங்கேயே நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவோம். மிளகாய்ப் பொடி போட்ட இட்லியே போதும் என்று அவர் சொல்கிறார்.