இன்சோல் தாங்கும், வளைவை உண்டாக்காது
ஷூவுக்குள் வைக்கிற இன்சோல் போட்டால் தட்டைப் பாதமே (உள்பக்க வளைவு இல்லாமல் தரையில் படிகிற பாதம்) சரியாகிவிடும் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது, அதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். எனக்கும் தட்டைப் பாதம்தான். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை எனக்கு, சீசனில் நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நின்றே ஆக வேண்டும், சாயங்காலம் உள்கணுக்காலுக்குக் கீழே விண்விண்ணென்று வலிக்கும், ஷூவும் உள்பக்கமாகவே தேய்ந்து சாய்ந்திருக்கும். வளைவுக்கு முட்டுக் கொடுக்கிற இன்சோல் வைத்த பிறகு வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் கழற்றிவிட்டு ஈரக்காலோடு நடந்தால் தரையில் அதே முழுப் பாதத்தின் தடம்தான், வளைவு வரவில்லை. முதல் நாளே முழு ஷிஃப்டும் இன்சோலைப் போடாதீர்கள், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஐந்தாறு வயது வரை பாதம் தட்டையாக இருப்பது சகஜம், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து வலியும் இல்லையென்றால் சரி, விட்டுவிடுங்கள்.