காலாபகோஸுக்கு 200 டாலர் கேட்பது நியாயம்தான்

பசிபிக் கடலில் இருக்கும் காலாபகோஸ் தீவுகளுக்கு வெளிநாட்டுப் பயணிகள் கட்டும் நுழைவுக் கட்டணத்தை 2024 ஆகஸ்டில் தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் அரசு 100 டாலரிலிருந்து 200 டாலராக ஏற்றியது. "ஆமையைப் பார்க்க 17,000 ரூபாயா?" என்ற புலம்பல் பயணக் குழுக்களில் இன்னும் ஓயவில்லை. பழைய 100 டாலர் 1998இல் வைத்த கட்டணம். 26 வருடம் ஒரு டாலர்கூட ஏறவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. போய்ப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தொகை நியாயம்தான். இதை எனக்கு உணர்த்தியது ஆமைகளை விட அங்கிருக்கும் குகைகள்.

சாண்டா குரூஸ் தீவில் கடலோரம் முழுக்கக் கள்ளியும் கருங்கல்லும் வெயிலும்தான். மேட்டுப் பக்கம் வண்டியில் கொஞ்சம் ஏறியதுமே சாரலும் பச்சையுமாக வேறு ஊராகிவிடும். அங்கே பண்ணைப் புல்வெளிகளில் ராட்சத ஆமைகள் அவை பாட்டுக்கு மேய்கின்றன. 200 கிலோவைத் தாண்டும் ஆண் ஆமைகள்கூட உண்டு. கூண்டு, தொட்டி எதுவும் கிடையாது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். புல்லைக் கவ்வித் தலையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கும்போது நார் அறுபடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். யாராவது சட்டென்று அசைந்தால் தலை உள்ளே போகும், நுரையீரல் காற்று 'உஸ்' என்று வெளியே வரும். கீழே விழுந்த கொய்யாப் பழத்தை விரும்பித் தின்னும். சாணத்தில் அப்படியே கொய்யா விதைகள். கொய்யா அந்தத் தீவுக்கு மனிதர் கொண்டுவந்த மரம். இன்று அது காட்டையே ஆக்கிரமிக்கிறது, அதைப் பரப்புவதில் ஆமைக்கும் பங்கு உண்டு. நாம் செய்த கோளாறு இப்போது ஆமையின் வயிறு வழியாக நடக்கிறது.

அதே மேட்டில்தான் எரிமலைக் குகைகளும். எரிமலைக் குழம்பு ஓடும்போது மேற்பரப்பு ஆறி இறுகிவிடும். உள்ளே இருப்பது சூடு குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊற்று நின்றதும் உள்ளிருந்தது வடிந்துபோய், வெறும் குழாய் மிஞ்சும். சில இடங்களில் மூன்று ஆள் உயரம், ஒரு குகையில் மண்டியிட்டுத் தவழ வேண்டிய இடமும் உண்டு. சுவரில் விளக்கை அடித்தால் நீளவாக்கில் கோடு கோடாகத் தெரியும். குழம்பின் மட்டம் இறங்க இறங்கப் படிந்த தடங்கள் அவை. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் அரை மணி நேரத்தில் படமெடுத்துவிட்டு வெளியேறிவிடுகின்றன. எனக்கு அது வருத்தம். அந்தத் தீவுகளின் வரலாறே இந்த மாதிரிக் குகைகளில்தான் கிடக்கிறது.

கூகைகள் இந்தக் குகைகளில் தங்கும். தின்ற எலி, பல்லி, குருவியின் எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாக அந்த எலும்புகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்டெட்மனும் அவர் குழுவினரும் அவற்றை லட்சக்கணக்கில் தோண்டியெடுத்துக் காலம் கணித்தார்கள். மனிதர் வருவதற்கு முன்னால் அங்கே உயிரினங்கள் அழிந்துபோனதற்குத் தடயம் அநேகமாக இல்லை. 1535இல் பனாமா பிஷப்பின் கப்பல் அங்கே ஒதுங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக அழிவு தொடங்குகிறது. அந்தக் குகைகளில் எலும்பு கிடைத்த பெரிய எலி இனம் ஒன்று இன்று உலகில் எங்குமே இல்லை.

அப்புறம் ஆமைகள். தீனி தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதாலேயே கப்பல்காரர்கள் அவற்றை இறைச்சிக்காக அடுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் போயிருக்கும் என்பது மதிப்பீடு. பின்ட்டா தீவின் கடைசி ஆமையான 'லோன்சம் ஜார்ஜ்' 2012 ஜூனில் இறந்தது, அத்துடன் அந்த இனமே முடிந்தது. எஸ்பனோலா தீவில் வெறும் 14 ஆமைகள் மிஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டுவந்து இனப்பெருக்கம் செய்து, குட்டிகளைத் தீவில் விட்டு, இன்று அந்த இனம் 2,000ஐத் தாண்டிவிட்டது. இன்னொரு பக்கம், செடிகொடிகளைத் தின்று தீர்த்த ஆடுகளை இசபெலா, சாண்டியாகோ தீவுகளில் ஒழிக்க ஹெலிகாப்டர், ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை என்று பல வருடம் ஆனது. இதெல்லாம் சும்மா நடக்குமா?

பணக்காரர் மட்டும் போகும் இடமாகிவிடும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈக்வடார்காரர்களுக்கு 30 டாலர்தான். தன் நாட்டுப் பிள்ளைகள் வந்து பார்க்க வழிவிட்டு, வெளியூர்க்காரரிடம் கூடுதலாக வாங்குவது சரிதான்.

என் குறை வேறு. தீவுகளைச் சுற்றிக்காட்டும் கப்பல் ஒன்றுக்கு 100 பயணிகள் என்று வரம்பு இருக்கிறது. ஊரில் அறை எடுத்துத் தங்க வருகிறவர்களின் கூட்டம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2023இல் மொத்தம் மூன்று லட்சம் பேரைத் தாண்டியது. இதற்கு மேல் ஏறவிடாதீர்கள் என்று யுனெஸ்கோவும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டணத்தை ஏற்றியது போல வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்றும் கறாராகச் சொல்லட்டும். அதனால் நான் மறுபடி போக வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும் எனக்குச் சம்மதம்.