யாருக்கு மலிவு?
பொருளாதார மந்தத்தில்தான் லாஸ் வேகாஸ் போக வேண்டும், அறைகள் மலிவு என்கிறது ஒரு கட்டுரை. டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) விற்றுக் காசு சேர்க்கும் எங்களுக்கு, மந்தம் வந்தால் ரப்பர் விலையோடு வெள்ளியின் (ரிங்கிட்) மதிப்பும் விழுகிறது. 1997 நடுவில் ஒரு டாலர் ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. மறு ஆண்டு செப்டம்பரில் அரசாங்கமே 3.80 என்று கட்டிப்போட்டது. 2009இல் மருமகன் தயவில் வேகாஸ் போனேன். அறை வாடகை குறைவுதான், ஆனால் நீச்சல் குளம் போன்ற வசதிகளுக்கு ‘ரிசார்ட் கட்டணம்’ என்று தனியாகத் தீட்டிவிட்டார்கள். நீச்சல் குளத்தில் நான் கால்கூட நனைக்கவில்லை! பாதியில் நின்றுபோன எச்சலான் சூதாட்ட விடுதிக் கட்டடத்தை வேடிக்கை பார்த்தது மட்டும் இலவசம். 2013இல் அந்த இடத்தை 350 மில்லியன் டாலருக்கு வாங்கியது நம் மலேசியாவின் கெந்திங் குழுமம். அவர்களுக்கே அங்கு விடுதி திறக்க 2021 ஆகிவிட்டது.