கேப்டன் முல்லாவைப் பற்றி ஒரு திருத்தம்

இந்தியப் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். குக்ரியின் கேப்டன் முல்லாவைப் பற்றிய உங்கள் பதிவில், 'குக்ரி மூழ்கியபோது கேப்டன் முல்லா தப்பிக்க வழியிருந்தும் மரபுக்காக வீணாக உயிரை விட்டார். கப்பலோடு கேப்டனும் மூழ்க வேண்டும் என்பது கடற்படைச் சட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அப்படி ஒரு சட்டமே கிடையாது. கப்பலில் இருப்பவர்களைக் காப்பாற்ற இயன்றதையெல்லாம் செய்வதுதான் கேப்டனின் கடமை.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையோரமுள்ள டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியான ஹங்கோரின் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) ஐ.என்.எஸ். குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. அந்த நிமிடங்களில் மகேந்திர நாத் முல்லா என்ன செய்தார் என்பதை அவருடைய விருதுக் குறிப்பே சொல்கிறது. கப்பலைக் கைவிட முடிவெடுத்து, தன் ஆட்களை மீட்கும் ஏற்பாடுகளை அமைதியாக மேற்பார்வையிட்டார். இன்னும் யாரையாவது மீட்க முடியுமா என்று பார்க்கக் கட்டளை மேடைக்குத் திரும்பினார். தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். இதுவா வீண் சாவு? வேலை முடியாததால் அவர் அங்கே நின்றார். கப்பலோடு அவர் மூழ்கியதைத் தப்பியவர்கள் கண்டார்கள். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மடிந்த அந்த இரவில், பிழைத்து வந்த அறுபதுக்கும் மேற்பட்டோரிடம் 'வீண்' என்ற சொல்லை யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று: அவருக்குக் கிடைத்தது, நீங்கள் எழுதியதுபோல், போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அல்ல, அதற்கு அடுத்த மகாவீர் சக்ரா. பதிவில் அதையும் மாற்றிவிடுங்கள்.