கேட்டுட்டு உக்கார்றதுக்குன்னே செஞ்ச டெஸ்க்

போன வாரம் பொண்ணோட ஸ்கூல்ல பேரண்ட்ஸ் ஈவ்னிங், இங்க இங்கிலாந்துல. டீச்சர் ஒரு குட்டி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க, முழங்கால் நெஞ்சுக்கு வந்துருச்சு. அந்த ரூம்ல எல்லாமே ஆறு வயசுப் பிள்ளைக்கு கை எட்டுற உயரத்துலதான் இருந்துச்சு.

இது சும்மா வந்ததில்ல. 1890கள்ல சிகாகோல ஜான் டூயிங்கிற அமெரிக்கத் தத்துவ அறிஞர், பிள்ளைங்களுக்குத் தோதான டெஸ்க் தேடி கடை கடையா அலைஞ்சிருக்கார். ஒரு கடைக்காரர், நீங்க கேக்குறது பிள்ளைங்க வேலை செய்றதுக்கு, எங்ககிட்ட இருக்குறதெல்லாம் கேட்டுட்டு உக்கார்றதுக்குன்னு சொன்னதா டூயியே எழுதிருக்கார். 1896ல அவர் ஆரம்பிச்ச ஸ்கூல்ல பிள்ளைங்க சமைச்சாங்க, நெய்தாங்க. பருத்திக்காய்லேருந்து கையால பஞ்சு பிரிச்சுப் பாத்துருக்காங்க, அரை மணி நேரத்துல ஒரு அவுன்ஸ் கூட தேறல. அந்தக் காலத்துல ஏன் கம்பளிய உடுத்துனாங்கன்னு அப்ப அவங்களுக்கே புரிஞ்சிருச்சு, யாரும் ஒப்பிக்க வைக்கல. 1907ல மரியா மாண்டிசோரிங்கிற இத்தாலிய டாக்டர் ரோம்ல சான் லொரன்சோங்கிற ஏழைங்க பகுதியில குழந்தைங்க இல்லத்தத் திறந்தாங்க. இன்னைக்கு மாண்டிசோரின்னாலே ஃபீஸ் எவ்வளவோன்னு பயப்படுறோம், ஆனா அது தொடங்குனது கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்காக.

பிள்ளையும் ஒரு மனுஷங்கிற எண்ணம் பள்ளிக்கூடத்தோட நிக்கல, வீட்டுக்குள்ளயும் சட்டத்துக்குள்ளயும் போச்சு. 1979ல ஸ்வீடன் வீட்ல அடிக்கறதையே தடை பண்ணுச்சு. இங்க அரசுப் பள்ளியில பிரம்படிய ஒழிக்கறதுக்கு 1986ல நாடாளுமன்றத்துல 231க்கு 230, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்! பிரம்படி வாங்கி வளந்தவன் நான், அந்த ஒரு ஓட்டோட மதிப்பு எனக்குத் தெரியும்.

ஆனா ஒரு இடத்துல, இந்த வழியில வந்த கல்வியாளருங்க பெரிய தப்பு பண்ணிட்டாங்க. பிள்ளைய மதிக்கிறதுன்னா நேரடியா சொல்லிக் குடுக்காம விடுறதுன்னு எடுத்துக்கிட்டாங்க. எழுத்தோட ஒலிய ஒழுங்கா கத்துக் குடுக்காம, படத்தப் பாரு, முன்ன பின்ன பாரு, என்ன வார்த்தையா இருக்கும்னு ஊகின்னு விட்டுட்டாங்க. கலிஃபோர்னியா 1987ல அந்தப் பக்கம் சாஞ்சது, 1994ல அமெரிக்காவோட தேசிய வாசிப்புத் தேர்வுல கிட்டத்தட்ட கடைசில வந்து நின்னுச்சு. அதுக்கு வேற காரணங்களும் இருந்துச்சு, ஆனா எனக்குக் கோபம் வர்றது இங்கதான். வீடு நிறைய புக்கும் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்ட ஆளும் இருக்குற பிள்ளை எப்படியும் தப்பிச்சிரும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்குற அம்மாவோட பிள்ளைக்கு ஸ்கூல விட்டா வேற யாரு இருக்கா? கறுப்பினப் பிள்ளைங்களோட நிலைமைய வச்சு லிசா டெல்பிட்ங்கிற அமெரிக்கக் கல்வியாளர் 1988லயே இதத்தான் கேட்டாங்க, பல பேரு காதுல போட்டுக்கல.

இங்கிலாந்துல 2006க்கு அப்புறம் ஃபோனிக்ஸுக்கு, அதாவது எழுத்தோட ஒலிய ஒழுங்கா கத்துக் குடுக்குற முறைக்கு திரும்புனாங்க, 2012லேருந்து முதல் வகுப்புலயே ஒரு சின்ன டெஸ்ட். உடனே, பாத்தியா, பழைய முறைதான் சரி, ரெண்டு போட்டாதான் படிக்கும்னு நம்ம ஆளுங்க கிளம்பிடுறாங்க, தயவு செஞ்சு அப்படிப் பேசாதீங்க. எழுத்த ஒழுங்கா கத்துக் குடுக்கறதுக்கும் பிரம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

என் பொண்ணு அந்தக் குட்டி நாற்காலில உக்காந்துதான் விரல வச்சு ஒவ்வொரு ஒலியா கூட்டிப் படிக்கிறா, நடுவுல நிறுத்தி ஏன் இந்த எழுத்துக்கு சத்தமே வரலன்னு டீச்சரையே கேக்குறாளாம். டீச்சர் அத சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.