கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை தம்பி

"கிரியேட்டின் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு, அதைக் குடித்துத்தான் தொண்டிப் பக்கத்துப் பையன்கள் பள்ளிக் கபடியில் ஜெயிக்கிறார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டே இல்லை தம்பி. தசைக்குச் சக்தி கிடைக்க உதவும் பொருள், பவுடராக விற்கிறார்கள். நம் உடலே அதைத் தயாரிக்கிறது, மீனிலும் இருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் (WADA) தடைப் பட்டியலில் கிடையாது. அதற்காகப் பள்ளிப் பையனுக்கு வாங்கித் தரவும் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: சில பவுடர்களில் டப்பாவில் எழுதாமலே ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். சோதனையில் சிக்கினால், "தெரியாது சார்" என்றாலும் பொறுப்பு ஆடியவனுக்கே.

அப்புறம், கபடியில் 30 நொடி ரெய்டுக்கு மூச்சும் காலும் வேண்டும்; அணித் தேர்வில் பார்ப்பதும் அதைத்தான். புரதமா? 100 கிராம் சாளை மீனிலேயே 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு கரண்டி புரதப் பவுடரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், விலைதான் வேறு.